முந்திக் கட்டிய தவணை

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவளுக்கு வண்டி ஷெட்டில் வைத்திருந்த பெயர் முந்திரிக்கொட்டை. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை, சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றால் ஆறு மணிக்கே வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரிக்கு டோக்கன் வாங்கப் போனால் டோக்கன் கொடுக்கிறவருக்கே கதவைத் திறந்துவிடுகிற ரகம். பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட வண்டி தாமதமாகப் போனதில்லை. இதை யாராவது கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

தங்கச்சி நேர் எதிர். வயிற்றிலிருந்தே இரண்டு வாரம் தாமதமாக வந்தவள் என்று அவர்கள் அம்மா சொல்லிச் சிரிப்பதுண்டு. "வந்துட்டே இருக்கேன்க்கா" என்று போனில் சொன்னாள் என்றால் இன்னும் தலைக்கு ஊற்றவில்லை என்று அர்த்தம். ஒருமுறை வேலைக்கான நேர்காணலுக்கே இருபது நிமிஷம் பிந்திப் போய், உள்ளே இருந்தவர்கள் கிளம்பும்போது வாசலில் அவர்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே அக்கா முடிவு கட்டிவிட்டாள், இவளை நம்பி நேரம் சம்பந்தப்பட்ட எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று.

ஆனால் கை ராசி யாரிடம் என்றால் தங்கச்சியிடம்தான். ரொட்டியும் கேக்கும் அவள் கையில் அப்படி எழும்பும். வாடகைக்கு ஒரு சின்னக் கடை பிடித்து பேக்கரி போட்டாள். வீட்டு ஓவனில் ஆறு ரொட்டிக்கு மேல் வேகாது. பெரிய ஓவன் வேண்டும், விலை அறுபதாயிரம். வீட்டுச் சாமான்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில் கடையின் சொந்த கிரெடிட் கார்டு ஒன்று கொடுத்தார்கள். அதில் வாங்கினால் இருபத்து நான்கு தவணை, மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, வட்டி கிடையாது. தங்கச்சிக்கு நிலையான வருமானம் இல்லை என்று கார்டு தர மறுத்துவிட்டார்கள். அக்காவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. கார்டு அக்கா பெயரில் வந்தது, ஓவன் தங்கச்சி கடைக்குப் போனது.

ஓவனை இறக்கிய அன்றைக்கே, ஆட்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, அக்கா சட்டம் போட்டாள்.

"இங்க பாரு. மாசா மாசம் பணத்தை என் கையில குடு, அஞ்சு நாள் முன்னப் பின்ன ஆனாலும் பரவாயில்ல, நான் என் சம்பளத்துல போட்டுக் கட்டிடறேன். ஆனா பில்லு உன் கடை அட்ரஸுக்குத்தான் வரும். அதை நீ தொடக்கூடாது, பிரிக்கக்கூடாது, கட்டறேன்னு கிளம்பக்கூடாது. வந்தா எடுத்துப் பத்திரமா வை, போதும்."

"பிரிச்சுப் பார்க்கக்கூடவா கூடாது?"

"எதுக்கு? மாசா மாசம் ஒரே தொகை. அதுல படிக்க என்ன இருக்கு?"

தங்கச்சி தலையாட்டினாள். அவள் வாழ்க்கையில் அக்கா பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

பதினான்கு தவணை கட்டியாயிற்று. அக்கா சம்பளம் வந்த மறுநிமிஷம் பாங்க் ஆப்பைத் திறந்து கார்டு கணக்குக்கு இரண்டாயிரத்து ஐந்நூறை அனுப்பிவிடுவாள். முதல் பதினோரு மாதம் சம்பளம் ஐந்தாம் தேதி வந்தது, ஐந்தாம் தேதி கட்டினாள். பிறகு நிர்வாகம் மனம் வைத்து சம்பளத்தை மாதத்தின் கடைசி நாள் இரவிலேயே போட ஆரம்பித்தது. அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? ஒன்றாம் தேதி காலையில், பல் துலக்குவதற்கு முன்னால் பணம் போய்விடும். "கெடு இருபத்தஞ்சு. நான் கட்டறது ஒண்ணு. இந்த ஊர்லயே முதல் ஆளா நான்தான் கட்டுவேன்" என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தாள். அவரும் ஆமாம் போட்டார். ஆமாம் போடாமல் அந்த வீட்டில் குப்பை கொட்ட முடியாது.

அன்று தேதி இருபத்தைந்து. காலை ஓட்டம் முடிந்து, வண்டியை ஷெட்டில் விட்டு, ஸ்கூட்டரில் வழக்கம்போல ஒன்பதரைக்குத் தங்கச்சி கடைக்கு வந்தாள். மத்தியானம் இரண்டு இருபது வரை அவள் நேரம் அவளுடையது. கடைக்குள் வெண்ணெய் வாசம் ஆளைத் தூக்கியது. டீயும் சூடான பன்னும் முன்னால் வைத்துவிட்டு, தங்கச்சி மேல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள்.

"அக்கா, டப்பா நிறைஞ்சுடுச்சு. வேற டப்பா வாங்கணுமா, இல்ல பழசைக் கொண்டு போறியா?"

"என்னது?"

"பில்லுதான். பத்திரமா வைன்னு சொன்னியே. முந்தாநேத்து வந்தது மட்டும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க. கவர்ல சிவப்பா கோடு வேற போட்டிருக்கு, அழகா இருக்கு."

அக்கா பன்னைக் கீழே வைத்தாள். டப்பாவில் கவர்கள் வந்த தேதி வரிசைப்படி அடுக்கியிருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சிவப்புக் கோடு போட்ட கவரை எடுத்து ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது: தொடர்ந்து இரண்டு தவணைகள் கெடுவுக்குள் வரவில்லை. இந்த மாதத் தவணையும் இருபத்தைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் வட்டியில்லாச் சலுகை ரத்து. வாங்கிய நாளிலிருந்து முழு வட்டி, இருபத்திரண்டாயிரம், கணக்கில் சேரும்.

பதினேழு வருஷமாக யாருக்கும் தாமதமாக வராதவளுக்கு 'தாமதம்' என்று முத்திரை குத்திக் காகிதம்!

"திருட்டுப் பசங்க. ஒண்ணாம் தேதியே கட்டியிருக்கேன். மூணு மாசமும் ஒண்ணாம் தேதி. இந்தா பாரு ஆதாரம்!" என்று போனை நீட்டினாள். தங்கச்சி போனைப் பார்க்கவில்லை, காகிதத்தில் இருந்த இருபத்திரண்டாயிரத்தைத்தான் பார்த்தாள்.

"அவ்வளவு இருந்தா நான் ஏன்க்கா தவணையில வாங்கறேன்? கடையை மூடிட வேண்டியதுதான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அக்காவைச் சுட்டது.

"ஒரு மண்ணும் மூட வேண்டாம். நான் எதுக்கு இருக்கேன்? நீ உன் வேலையைப் பாரு."

பாங்க் ஆப்பில் இப்போது அனுப்பினால் கார்டு கணக்கில் மறுநாள்தான் சேரும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவள் இதுவரை கவனித்ததே இல்லை, ஒன்றாம் தேதி கட்டுகிறவளுக்கு அது எதற்கு? கார்டு கொடுத்த அந்தப் பெரிய கடையின் தொலைபேசி எண்ணுக்கு அடித்தாள். பதிவு செய்த குரல், முதல் கடிதத்தில் அனுப்பிய ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னது. முதல் கடிதம் டப்பாவின் அடியில் இருந்தது. கிழித்துப் பார்த்தால் ரகசிய எண்ணின் ஆயுள் தொண்ணூறு நாள் என்று போட்டிருந்தது. மிச்சம் ஒரே வழி. கடையின் மாடியில் இருக்கும் கவுன்டரில் ரொக்கமாகக் கட்டினால் அந்த நிமிஷமே வரவு.

"நான் போய்க் கட்டிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். டீ பாதியில் நின்றது. இரண்டாவது பக்கத்தைப் படிக்கத் தோன்றவில்லை, அதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் திரும்பிவிட்டது.

வழியில் ஏடிஎம்மில் இரண்டாயிரத்து ஐந்நூறு எடுத்தாள். மாதக் கடைசி, கணக்கில் அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தங்கச்சி இந்த மாதம் கொடுத்த பணம் பன்னிரண்டாம் தேதியே கைக்கு வந்து வீட்டுச் செலவில் கரைந்திருந்தது. ஒரு தவணையை இரண்டு முறை கட்டுகிறோம், பரவாயில்லை, கட்டிவிட்டு அப்புறம் அவர்கள் சட்டையைப் பிடிப்போம் என்று கணக்குப் போட்டாள். சண்டைக்கான வசனங்களை நாற்பது நிமிஷமும் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள்.

கடையின் மூன்றாம் மாடியில், மெத்தைகளும் தலையணைகளும் அடுக்கிய பகுதியைத் தாண்டி ஒரு மூலையில் இருந்தது கவுன்டர். பணம் வாங்க மனசு வராதவர்கள்தான் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். முன்னால் பதினெட்டுப் பேர். ரசீது போடும் இயந்திரம் வேறு நடுவில் ஒருமுறை உயிரை விட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அவள் முறை வரும்போது பன்னிரண்டு அடித்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அரைக்கைச் சட்டை போட்ட, தலை நரைத்த கவுன்டர்காரர், நாள் முழுக்கத் திட்டு வாங்கிப் பழகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவள் காகிதத்தையும் கார்டையும் பணத்தையும் தள்ளினாள். "மொதல்ல இதைக் கட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவர் திரையைப் பார்த்தார். "மூவாயிரத்து இருநூறும்மா."

"என்னது?"

"தவணை ரெண்டாயிரத்து ஐந்நூறு. ரெண்டு தாமதக் கட்டணம், தலா முந்நூத்தம்பது. ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்குமே."

அவள் ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். போட்டிருந்தது. அங்கேதான் ஒத்திகை பார்த்த வசனங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. தாமதமா? யாருக்குத் தாமதம்? ஒன்றாம் தேதி கட்டுகிறவளுக்கா? மெத்தை வாங்க வந்த ஒரு தம்பதி, படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

கவுன்டர்காரர் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க லேட்டா கட்டலம்மா. சீக்கிரமா கட்டறீங்க. அதான் பிரச்சினை."

"சீக்கிரம் கட்டினா பிரச்சினையா? எந்த ஊர் நியாயம் சார் இது?"

"மாசம் மூணாம் தேதிதான் பில்லு போடறோம். மூணுலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ள வர்ற பணம்தான் அந்த பில்லுக்கு. முன்னாடி அஞ்சாம் தேதி கட்டினீங்க, சரியா வந்துது. அப்புறம் ஒரு மாசம் ஒண்ணாம் தேதி கட்டியிருக்கீங்க. அப்போ அந்த மாச பில்லே பிறக்கல. பழைய பில்லு ஏற்கெனவே கட்டியாச்சு. அதனால அந்தப் பணம் உங்க கடைசி, இருபத்து நாலாவது தவணையில போய்க் கழிஞ்சுது. மூணாம் தேதி புது பில்லு வந்துது, இருபத்தஞ்சு வரைக்கும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கல. அடுத்த ஒண்ணாம் தேதி நீங்க கட்டினது, கெடு தாண்டி அந்தப் பழைய பில்லுக்குப் போச்சு. அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு."

"அப்போ நான் ஒரு தவணை கூடுதலாவே கட்டியிருக்கேன்?"

"ஆமா."

"கூடுதலா கட்டினவளுக்கு அபராதம்?"

"ஆமா" என்றார் அவர். வெட்கப்படுகிறாரோ என்று பார்த்தாள். கொஞ்சம் பட்டார்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது, அதுவும் வேறு யாரையும்விட நன்றாகவே புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஏழரைக்கு நிற்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஏழே காலுக்கே போய், யாரும் இல்லை என்று கிளம்பிவிட்டாள். ஏழு இருபத்தைந்துக்கு வந்த ஒரு சின்னப் பெண் எட்டரை வரை அங்கேயே அழுதுகொண்டு நின்றது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு வண்டி வரவே இல்லை, அவ்வளவுதான். அதிலிருந்து அவள் எல்லா நிறுத்தத்துக்கும் முன்னாலேயே போவாள், ஆனால் நேரம் ஆகாமல் வண்டியை நகர்த்த மாட்டாள். வண்டியில் கற்றுக்கொண்டதைப் பணத்தில் மறந்துவிட்டாளே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சரி சார். என் தப்புதான்" என்றாள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. "இப்போ ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டறேன். மீதி எழுநூறு?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வந்தாகணும். அஞ்சு ரூபா குறைஞ்சாலும் கட்டாத கணக்குதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ரூபாய்க் கணக்கில் அவர் நல்ல மனிதராக இருக்க முடியாது என்று புரிந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறைக் கட்டி ரசீது வாங்கினாள். கைப்பையைக் கவிழ்த்து எண்ணினால் நூற்று எண்பது இருந்தது. வீட்டுக்காரர் பகல் ஷிப்டில், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஷெட்டில் கேட்டால் ரொக்கமாகக் கிடைக்கும், ஆனால் ஷெட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் மத்தியான ஓட்டம் போச்சு. தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

"எழுநூறு எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வா."

"வந்துட்டே இருக்கேன்க்கா" என்றாள் தங்கச்சி.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அக்காவுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். "இதோ வந்துட்டே இருக்கேன்க்கா." பின்னணியில் தட்டு நகரும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஒன்றரைக்குக் கூப்பிட்டபோது மணி மட்டும் அடித்தது. எடுக்கவில்லை.

ஒன்று நாற்பதுக்கு அவள் கிளம்பியாக வேண்டும். இரண்டு இருபதுக்கு ஷெட், இரண்டு நாற்பதுக்குப் பள்ளி வாசல். அங்கே முப்பத்து நான்கு பிள்ளைகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கும். மாற்று டிரைவர் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கேட்டால் கிடைப்பார், ஒரு மணி நேரம் கழித்துக் கிடைப்பார். இங்கே நின்றாலும் அவளால் ஆகப்போவது என்ன? கையில் காசில்லாமல் கவுன்டரை முறைத்துக்கொண்டு நிற்பதால் எழுநூறு வந்துவிடாது. வரவேண்டியவள் வந்தால்தான் உண்டு. பதினான்கு மாதமாகத் தங்கச்சி கைக்குப் போகக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த காரியம், கடைசியில் அவள் கையில்தான் வந்து விழுந்திருந்தது.

ரசீதின் பின்பக்கம், 'எழுநூறு. ஐந்து மணிக்கு முன்' என்று எழுதி, கார்டோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் தள்ளினாள்.

"சார், என் தங்கச்சி வருவா. சுருட்டை முடி, சட்டையில மாவு இருக்கும். இதை அவகிட்ட குடுங்க."

"வருவாங்களாம்மா?"

"வருவா" என்றாள். தெரிந்து சொல்லவில்லை. வேறு எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மத்தியான ஓட்டம் முழுக்க அவள் கண் சாலையில்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வண்டி ஓட்டும்போது போனை அணைத்துப் பெட்டிக்குள் வைப்பது அவளே போட்ட சட்டம், அதை அவளே மீற முடியாது. பிள்ளைகள் பின்னால் பாட்டு ஒன்றை ஒரே வரியோடு இருபது தடவை பாடின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளை இறங்கி, அம்மாவோ தாத்தாவோ கையைப் பிடித்த பிறகுதான் கதவை மூடினாள். ஆனால் மனசு மட்டும் அந்த மெத்தைப் பகுதி மூலையிலேயே கிடந்தது. ஓவனை இறக்கிய அன்றைக்குத் தங்கச்சி அதன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கடையை மூடும்படி ஆனால் அதற்குக் காரணம் தன் பெருமைதான், வேறு எவரும் இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. பயந்து பழக்கமில்லாதவளுக்கு அது கூடுதலாகவே வலித்தது.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வண்டியை ஷெட்டில் நிறுத்திப் போனை உயிர்ப்பித்தாள். ஒரு செய்தியும் இல்லை. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கையில் இருந்த கடிகாரத்தில் ஐந்து ஆவதை நின்று பார்த்தாள்.

பேக்கரிக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே எங்கோ தங்கச்சியின் போன் அடித்துக்கொண்டிருந்தது, இவள் கூப்பிடக் கூப்பிட ஷட்டருக்குப் பின்னாலிருந்து கேட்டது. அட பாவி, போனைக்கூட எடுக்காமல் போயிருக்கிறாள்! போனாளா, போகவே இல்லையா? படியில் உட்கார்ந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து, மூடியிருக்கிறதா என்று அவளிடமே கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறே காலுக்குத் தங்கச்சி வந்தாள். தெருமுனையிலிருந்து ஆடி அசைந்து, கையில் ஒரு காகித உறையோடு, யாரோ தெரிந்தவரிடம் சிரித்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். அக்கா எழுந்தாள், எழுந்த வேகத்தில் தலை சுற்றியது.

"கட்டினியா?"

"கட்டிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணே காலுக்கு. ஏன்க்கா இப்படி வெளுத்துப் போயிருக்கே? உட்காரு."

அக்கா உட்காரவில்லை. ரசீதைப் பிடுங்கி மணியைப் பார்த்தாள், தொகையைப் பார்த்தாள், மறுபடி மணியைப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கோபம் வந்தது.

"பன்னண்டரை மணிக்குச் சொன்னேன்டி! ரெண்டு மணி நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தே? வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்னு!"

"என்கிட்ட எழுநூறு இல்லக்கா. மாவுக்காரருக்குக் காலையிலதான் குடுத்துத் தீர்த்தேன். பக்கத்து ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பிறந்தநாள், கேக்குக்கு ஆர்டர் இருந்துச்சு, தொள்ளாயிரம். அதை எடுத்துக்கிட்டுப் போனாத்தான் காசு. நீ கூப்பிட்டப்போ அந்த எழுநூறு ஓவனுக்குள்ள வெந்துக்கிட்டிருந்துச்சு. சீக்கிரமா வெளிய எடுத்தா நடுவுல அமுங்கிடும். அமுங்கின கேக்குக்கு யாரு காசு குடுப்பா?"

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ அங்கேயே நின்னு கத்துவே. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகும்னு எனக்குத் தெரியும்."

தங்கச்சி பாட்டுக்கு ஷட்டரைத் தூக்கினாள், விளக்கைப் போட்டாள், தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"மூணே காலுக்குக் கட்டினவ ஆறே கால் வரைக்கும் எங்கே போனே?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் குறைஞ்சதும் அந்தக் கவுன்டர் சார்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டேன். பாவம், நல்ல மனுஷன். இவ்ளோ நிதானமா யாரும் என்கிட்ட கேட்டதே இல்லம்மான்னு சொன்னாரு. எங்கக்கா ஒரு தவணை கூடுதலாவே கட்டியிருக்காளே, இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதான்னேன். மேலே பேசிப் பார்க்கறேன்னு போன் போட்டாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு முந்நூத்தம்பதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இன்னொண்ணு முடியாதாம். இந்தா."

உறையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே ஒரு படிவம்.

"இது என்ன?"

"மாசா மாசம் பத்தாம் தேதி தானா பாங்க்லேர்ந்து போயிடுமாம். யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். எந்தக் கணக்குலேர்ந்துன்னு எழுதணும், கார்டு வெச்சிருக்கிறவங்க கையெழுத்துப் போடணும். உன் கணக்கு நம்பர் எனக்குத் தெரியாது, அதான் காலியா விட்டுட்டேன்."

அக்கா படிவத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் தன் கணக்கு எண்ணை எழுத அவள் கை தானாகவே பேனாவைத் தேடியது. பிறகு நின்றது. பேனாவைத் தங்கச்சியிடம் நீட்டினாள்.

"உன் கடைக் கணக்கு நம்பரை எழுது."

தங்கச்சி பேனாவை வாங்கவில்லை. "என்னோடதா? பத்தாம் தேதி அதுல காசு இருக்கணுமேக்கா. நான் போட மறந்துட்டா?"

"மறக்க மாட்டே. அப்படியே மறந்தாலும் இருபத்தஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு, நீயே நேர்ல போய்க் கட்டுவே. இன்னிக்குக் கட்டலையா?" கைப்பையைத் திறந்து கார்டைத் தேடினாள். கார்டு அங்கே இல்லை, தங்கச்சியின் சட்டைப் பையில் மாவு ஒட்டிக்கொண்டு இருந்தது. கவுன்டரில் வாங்கியதைத் திருப்பித் தர அவள் மறந்திருந்தாள். தங்கச்சி அவசர அவசரமாக எடுத்து நீட்ட, அக்கா அவள் கையைப் பிடித்து விரல்களை அதன் மேலேயே மூடிவிட்டாள்.

"நீயே வெச்சுக்கோ. இத்தனை நாள் உன்னை நம்பாம இருந்தது என் தப்புடி. பில்லு வந்தா நீயே பிரி, நீயே படி, ரெண்டாம் பக்கத்தையும் சேர்த்துப் படி."

தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சிரித்தாள்.

"அக்கா, நான் லேட் பண்ணிடுவேன்க்கா."

"பண்ணு" என்றாள் அக்கா. "தாராளமா லேட் பண்ணு. மூணாம் தேதிக்கு முன்னாடி மட்டும் கட்டித் தொலைச்சுடாதே."